பதினோரு அடி

உங்களையும் பையைத் தெறந்து காட்டச் சொன்னாங்களா? எல்லார்த்தையுந்தானுங் சொல்லுவாங்க. மண்ணெண்ணெய் கேன் கொண்டாந்திருக்கறமான்னு பாக்கறாங்க. இந்தக் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் குடுக்க வந்து மேலுக்கு ஊத்திக்கறவங்க இருக்கறாங்களாமா. என்ற பையில என்னங் இருக்குது? ஒரு மனு, ஒரு வரைபடம், ஊட்டுக்காரி கட்டிக் குடுத்த தயிர்ச்சோறு. அந்தப் போலீசுக்காரப் புள்ளை தயிர்ச்சோத்தக்கூட மோந்து பாத்துட்டுத்தான் உட்டுது. அது அந்தப் புள்ளையோட வேலை. குத்தஞ் சொல்லலீங்.

சித்தெ தள்ளி உக்காருங்க அம்மிணி, பேனு காத்து ரெண்டு பேருக்கும் வரட்டும். உங்க டோக்கன் எத்தன? நூத்தி அம்பத்தி ஒண்ணா. என்றது நூத்தி முப்பத்தி ஏழு. இப்பத்தான் நாப்பது ஓடுது. மத்தியானம் ஆகிப்போகும்.

உங்குளுது என்ன விசயமுங்? எடத்தப் புடிச்சுக்கிட்டானா? பக்கத்தூட்டுக்காரனா? ஆமாங், திங்கக்கெழமையானா இந்த மண்டபத்துல பாதிப் பேரு அதுக்குத்தான் வருவாங்க. என்றதும் அதுதான். பக்கத்துக் காட்டுக்காரன். பேரு அப்புக்குட்டி. அவனாட்ட மோசமான ஆளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

நான் சண்டைக்குப் போற ஆளே இல்லீங். இந்த ராக்கியண்ணன் எப்புடீன்னு எங்கூர்ல ஆரை வேண்ணாலும் கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேக்காதீங்க. இப்ப எல்லாரும் அவம்பக்கம்.

நம்முளுது காங்கயத்துக்குத் தெக்கால, கல்லாங்காட்டுவலசு. எனக்கு ஆறு ஏக்கரா, அவனுக்கு அஞ்சு. ரெண்டுக்கும் நடுவால ஒரு மண்வரப்பு. எங்க பக்கம் பொழின்னு சொல்லுவோம். எங்கப்பனும் அவங்கப்பனும் சேந்து போட்டது. ஒரு வருசம் அடிச்ச மழையில அது பாதிக்குக் கரைஞ்சு போச்சு. நாந்தான் பொக்லைனு கூப்பிட்டுப் புதுசா போட்டேன். அவன் அப்ப ஊர்ல இல்ல. பொண்ணுக்குப் பிரசவம்னு பல்லடத்துல இருந்தான். இருந்தா மட்டும் என்னங்? பொழி போடறதுக்கு ரெண்டு பேரு வேணுமா? நூல் புடிச்சயான்னு கேட்டா, இல்லீங். கண்ணால பாத்துப் போட்டேன்.

அப்பறம் அந்தப் பொழிய ஒட்டி என்ற பக்கத்துல கட்டுத்தரை போட்டேன், மாடு கட்டறதுக்கு. தகரக் கொட்டாய், சிமிட்டித் தண்ணித்தொட்டி, எல்லாஞ் சுத்தமா.

ஊர்ல இருந்து வந்தான். பொழி மேல நின்னுட்டு இப்புடியும் பாத்தான், அப்புடியும் பாத்தான். "மாமா, பொழி சித்தெ நம்ம பக்கம் வந்தாப்பல இருக்குதுங்களே"ன்னான். ரத்த சம்பந்தமெல்லாம் இல்லீங், ஊர் மொறைக்கு நான் மாமன். "மாப்ள, பொழி எங்கயும் வராது போகாது, அது மண்ணு"ன்னேன். "சரிங் மாமா"ன்னுட்டுப் போயிட்டான்.

பாத்தீங்களா? சந்தேகம் இருந்தா ஒரு மனுசன் அங்கயே சத்தம் போடோணும். சரின்னுட்டுப் போறவன எப்புடி நம்பறது? அன்னைக்கே எனக்குப் பட்டுது, இவன் வெவகாரமான ஆளுன்னு.

இந்தப் புதுப் பொழிக்கு இக்கட்ட, என்ற பக்கத்துல, ஒரு வேப்பமரம் வந்துருச்சு. வந்துருச்சுன்னா மரம் நடந்து வரலீங். பொழி அக்கட்ட போனதால மரம் இக்கட்ட ஆயிருச்சு. அது அவன் சின்ன வயசுல வெச்ச மரமாமா. வெயில் காலத்துல வெள்ளாட்டுக்குத் தழை ஒடிக்க வருவான். ஒருக்கா வந்தான், சும்மா இருந்தேன். மறுக்கா வந்தான், கட்டுத்தரையில இருந்து கனைச்சேன். மூணாந்தடவ நான் ஊட்ல சோறு தின்னுட்டு இருக்கறப்ப தொரட்டியோட வந்து பாதி மரத்த எறக்கிட்டான்.

ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தேன். "ஆயுதத்துடன் அத்துமீறி நுழைந்து"ன்னு. ஆயுதமுன்னா தொரட்டிதானுங். மனுவுல அப்புடித்தான் போடோணும்னு எழுதறவரு சொன்னாரு.

காலைல ஒம்பது மணிக்கு அவனக் கூட்டியாந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. எதுக்கால இன்னொரு பெஞ்சுல நான். மத்தியானம் எனக்கு ஒரு டீ குடுத்தாங்க. அவனுக்குக் குடுக்கல. நானாவது அவனுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாம். அப்ப தோணலீங். கடைசியில ஒரு வெள்ளைத்தாளுல எழுதி வாங்குனாங்க. "மேற்படி வேப்பமரம் உள்ள இடத்தில் இனிமேல் எக்காரணம் கொண்டும் காலடி வைக்க மாட்டேன்." போட்டான் கையெழுத்து. வெளிய வந்து என்ன சொன்னான் தெரியுங்களா? "கடைசி பஸ்சு போயிருமுங் மாமா, வெரசா வாங்க"ன்னான். ஒரே பஸ்சுல வந்தோம். எனக்கு அவந்தான் சீட்டுப் புடிச்சான். எகத்தாளத்தப் பாருங்க.

அன்னையில இருந்து அவன் கால் அங்க படலீங். ஆறு வருசம். ஆடு தாண்டி வந்துருச்சுன்னா பொழி மேல நின்னுட்டுக் கூப்புடுவான், எறங்க மாட்டான். அது வரலீன்னா, "மாமா, சித்தெ ஓட்டி உடுங்"ம்பான். நான் என்ற வேலையெல்லாம் உட்டுட்டு அவன் ஆட்ட ஓட்டி உடோணும். இதுக்குத்தான் நான் கேசு குடுத்தனா?

என்னங்? இல்ல இல்ல, இன்னும் அம்பதே தாண்டல. உக்காருங்க.

அப்பறம் அவங்கம்மா செத்துப்போச்சு. சித்திரை மாசம், உச்சிப் பொழுது. அவன் காட்டுச் சாளை ஊட்டுல இருந்து சுடுகாட்டுக்கு என்ற கட்டுத்தரைய ஒட்டி நேரா போனா அஞ்சு நிமிசம். இல்லீன்னா இட்டேரியில சுத்திப் போகோணும். உங்க பக்கம் இட்டேரி இருக்குதுங்களா? ரெண்டு பக்கமும் முள்வேலி, நடுவால வண்டி போற தடம். அதுல போனா முக்கா மணி நேரம்.

நான் ஒண்ணுந் தடுக்கலீங். இத நீங்க நல்லாக் கேட்டுக்கோணும். பொழி மேல ஒரு முள்ளு வெக்கல. எல்லாரும் நேர் வழியாத்தான் வருவாங்கன்னு நெனச்சேன். பாடை பொழி வரைக்கும் வந்துது. அப்புக்குட்டி கொள்ளிச்சட்டியோட முன்னால வந்தவன் அங்க வந்ததும் நின்னுட்டான். பின்னால எல்லாரும் நின்னுட்டாங்க. என்னப் பாத்தான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். சித்தெ நேரம் பாத்தான். அப்பறம் திரும்பி இட்டேரியில எறங்கிட்டான். எல்லாரும் அவம் பின்னாலயே போயிட்டாங்க.

சாவுச் சேகண்டிச் சத்தம் தெக்க போச்சு, அப்பறம் மேக்க போச்சு, வெகு நேரங் கழிச்சு வடக்க கேட்டுது. மாடு தண்ணி குடிச்சு எப்பவோ படுத்துருச்சு. நான் வாளியப் புடிச்சுட்டே நின்னுட்டிருந்திருக்கறேன். ஊட்டுக்காரி வந்து வாங்கித்தான் கீழ வெச்சா.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"ன்னு அவ கேட்டா. அவன் கேட்டானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காதவனுக்கு எப்புடீங் சொல்றது?

அதுக்கப்பறம் ஊர்ல ஒரு மாதிரி ஆயிருச்சுங். டீக்கடைக்கு நான் போனா பேச்சு நின்னு போகும். கல்யாணத்துல பந்தியில எனக்கு ரெண்டு பக்கமும் எலை காலியாக் கெடக்கும். சரி, இனி இத இப்புடியே உடப்படாது, அளந்து கல்லு நட்டு, எடம் ராக்கியண்ணனுதுன்னு அத்தன பேரு வாயையும் அடச்சிரலாம்னு சர்வேக்கு எழுதிப் போட்டேன். நாந்தானுங் போட்டேன். அவன் போடல. இதையும் கேட்டுக்குங்க.

வந்தது ஒரு பொம்பளைச் சர்வேயரு. தொப்பி போட்டுட்டு, வெயில்னு ஒரு வார்த்தை சொல்லலீங். வி.ஏ.ஓ. வந்தாரு, தலையாரி வந்தான், ஊர்ல பாதி வந்துருச்சு. அந்தப் புள்ளை கெழக்கால கல்லுல இருந்து புடிச்சு அளந்துட்டே வந்துது. வந்து வந்து என்ற கட்டுத்தரைக்குள்ள நொழஞ்சுது. தண்ணித்தொட்டியக் காட்டி, "இதைத் தள்ளிட்டுத் தோண்டுங்க"ன்னுது. ரெண்டு பேரு கடப்பாரை போட்டு நெம்பித் தொட்டியத் தள்ளுனாங்க. முழங்கை ஆழந்தான் தோண்டியிருப்பாங்க. டங்குன்னு சத்தம். கல்லு. மேல குறி போட்ட பழைய எல்லைக்கல்லு.

அங்க இருந்து பொழிக்கு டேப்பு புடிச்சுது. "பதினோரு அடி உங்க ஆக்கிரமிப்பு பெரியவரே"ன்னுது. கட்டுத்தரை, தொட்டி, வேப்பமரம், அந்த நேர் வழி, எல்லாமே அவம் பூமி. அவன் பூமியில அவன் தழை ஒடிச்சதுக்குத்தான் நான் எட்டு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சிருக்கறேன்.

அவன் எங்கீங்க நின்னான்னு கேளுங்க. பொழி மேல. ஊரே உள்ள நிக்குது, அவன் மட்டும் பொழி மேல. "மாமா, உள்ள வரலாங்களா?"ங்கறான். சர்வேயரு புள்ளை, "உங்க எடந்தாங்க அது, வாங்க"ன்னுது. "இல்லீங், மாமா சொல்லட்டும்"ன்னான்.

வாங்கன்னு சொல்ல எத்தன எழுத்து வேணும்? வரல. அவன் பொழி மேல இருந்தே எட்டிப் பாத்தான். "கல்லு இருக்குதுங்களா மாமா?"ன்னான். இருக்குதுன்னு தலையாட்டுனேன். "இருக்கட்டுமுங், உடுங்க. மாட்ட எல்லாம் எங்க கொண்டு போயிக் கட்டுவீங்க"ன்னுட்டு ஊட்டுக்குப் போயிட்டான்.

இருக்கட்டுமாமா! பதினோரு அடிய! இப்புடி ஒரு பேச்ச எந்த எதிரியாவது பேசுவானுங்களா? நான் பதிலெல்லாம் ரோசன பண்ணி வெச்சிருந்தேன். அவன் கத்துனா இதச் சொல்றது, அடிக்க வந்தா அதச் சொல்றதுன்னு. ஒண்ணையும் சொல்ல உடலியே அவன்.

நானும் லேசுப்பட்ட ஆளில்ல. பதினஞ்சே நாள்ல கட்டுத்தரையப் பிரிச்சேன். பொழியக் கலைச்சேன். கல்லுக்கு நேரா நூல் புடிச்சுப் புதுப் பொழி போட்டேன். இந்தாடா உன்ற பூமின்னு. அவன் என்ன பண்ணுனான்? ஆடி மாசம் டிராக்டர் வந்துது. பழைய பொழி இருந்த எடம் வரைக்கும் ஓட்டுனான், அங்க வந்ததும் திருப்பிட்டான். அடுத்த வருசமும் அதே மாதிரிதான். பதினோரு அடியும் சும்மா கெடக்குது. பார்த்தீனியம் இடுப்பளவு நிக்குது. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? நான் இன்னும் குடுக்கலீன்னுதானுங் நெனப்பாங்க.

பொறுத்துப் பாத்துட்டு ஒரு நா அவன் ஊட்டுக்கே போனேன். எட்டு வருசங் கழிச்சு அந்த வாசல மிதிக்கறேன். "வாங் மாமா, உக்காருங்"ன்னு நாற்காலியத் தொடச்சுப் போட்டான். "ஏண்டா அத ஓட்ட மாட்டீங்கற?"ன்னேன். "எழுதிக் குடுத்திருக்கறனுங்களே மாமா. எக்காரணங் கொண்டும்னு போட்டிருக்குதுங்களே"ங்கறான்.

மூஞ்சில ஒண்ணுமே இல்லீங். சிரிக்கல, மொறைக்கல. வெள்ளந்தியாச் சொல்றானா, வெசத்த வெச்சுட்டுச் சொல்றானா? அன்னையில இருந்து ரோசன பண்ணிட்டுத்தான் இருக்கறேன். புடிபட மாட்டீங்குது.

அவம் பொண்டாட்டி ராமாத்தா மாட்டுச் சாணிய வழிச்சுட்டு இருந்தவ, கையக்கூடக் கழுவாம நேரா எம் முன்னால வந்து நின்னா. "பூமியத் திருப்பிக் குடுக்க வந்தீங்களாக்கும். எங்கத்தைய அந்த வெயில்ல சுத்தித் தூக்கிட்டுப் போனமே, அத எப்புடித் திருப்பிக் குடுப்பீங்க? சொல்லிட்டு அப்பறம் உக்காருங்க"ன்னா. அப்புக்குட்டி, "மாமாவ அப்புடிப் பேசாத, உள்ள போ"ன்னு வெரட்டறான். அவ போகல. இன்னும் நாலு வார்த்தை சொன்னா. அதெல்லாம் உங்ககிட்டச் சொல்ற வார்த்தை இல்லீங்.

அந்தக் குடும்பத்துல அவ ஒருத்திதான் மனுசி. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ரெண்டு தட்டுச் சோறு தின்னேன்.

அப்பறம் ஸ்டேசனுக்குப் போனேன், அந்தப் பேப்பர ரத்துப் பண்ணுங்கன்னு. அப்புடி ஒரு பேப்பரே இல்லீங்கறாங்க. அன்னைக்கு இருந்த எஸ்.ஐ. மாறிப் போயி ரெண்டு எஸ்.ஐ. வந்து போயிட்டாங்க. இல்லாத பேப்பர எப்புடி ரத்துப் பண்றதுங்கறாங்க. அது நாயந்தான். ஆனா அவன் மனசுல அது இருக்குதே, அத ஆரு ரத்துப் பண்ணறது?

அதுக்குத்தான் இங்க வந்தது. வெளிய மரத்தடியில மனு எழுதறாரே, கண்ணாடி போட்டவரு, அவருகிட்டச் சொன்னேன். "ஆக்கிரமிப்பு பத்தின மனுங்களா?"ன்னாரு. ஆமான்னேன். "ஆரு ஆக்கிரமிப்பு?" "என்றது." "இப்ப எடம் ஆருகிட்ட இருக்குது?" "அவங்கிட்ட." "அப்ப என்ன வேணும்?" "அவன் அத ஓட்டோணும்"ன்னேன். பேனாவ மூடி வெச்சுட்டு எம் மூஞ்சியவே பாத்தாரு. அப்பறம் ஏதோ எழுதிக் குடுத்தாரு. "மேற்படி எதிர்மனுதாரர் தனது நிலத்தைத் தானே அனுபவிக்க உத்தரவிடுமாறு." பொருந்துதுங்களா?

தனியாவா? தனியா எங்கீங்க வாரது, எங்கூர்ல இருந்து காலைல பஸ்சு கெடையாது. ஊட்டுக்கு முன்னால தடத்துல நின்னுட்டிருந்தேன். அவன் மொபெட்டுல வந்தான். "எங்கீங் மாமா?"ன்னான். "கலெக்டர் ஆபீசுக்கு. உம்மேல மனுக் குடுக்க"ன்னேன். "ஏறுங் மாமா"ன்னான். ஏறிட்டேன். வேற வழி? டோக்கன் வாங்கறப்ப ஆதார் நகலு கேட்டாங்க. அவந்தான் எடுத்துட்டு வரப் போயிருக்கறான். செராக்ஸ் கடையில கூட்டமாம், போன் பண்ணுனான்.

சிரிக்காதீங்க அம்மிணி. வாற வழியில ஒண்ணு நடந்துது, அதக் கேளுங்க.

மெயின் ரோட்டுக்கு வார வழி அந்த இட்டேரிதான். பாதி தூரம் வந்தவன் திடீர்னு வண்டிய நிறுத்திட்டான். என்னடான்னேன். "இங்கதானுங் மாமா எறக்கி வெச்சோம்"ன்னான். எதயடான்னு கேக்க வாயெடுத்தவன் கேக்கல. "தூக்கிட்டு வந்ததுல ஒருத்தரு மயங்கி உழுந்துட்டாரு. சித்தெ நேரம் எறக்கி வெச்சிருந்தோம்"ன்னான். மைல் கல்லக் காட்டறவன் மாதிரிச் சொன்னான். இத்தன வருசத்துல அவன் அதப் பத்திப் பேசுனது அதுதான்.

நான் வண்டியில இருந்து எறங்குனேன். செருப்பக் கழட்டுனேன். அப்பறம் என்ன பண்றதுன்னு தெரியலீங். சுத்தியும் பாத்தேன். முள்வேலிதான். "நெழலே இல்லியேடா"ன்னேன். "இல்லீங் மாமா"ன்னான். ரெண்டு பேரும் நின்னோம். ஒரு ஆட்டுக்காரன் வந்தான், வண்டிய நவுத்தச் சொன்னான், நவுத்திட்டு வந்துட்டோம்.

எத்தன ஓடுது? தொண்ணூறா. பரவால்ல, வெரசாத்தான் போகுது.

அம்மிணி, உங்ககிட்டப் பேனா இருக்குதுங்களா? நீங்க படிச்ச புள்ளையாட்டத் தெரியுது. இந்த மனுவுல பின்னால வெள்ளையாத்தான் கெடக்குது. நான் சொல்றேன், எழுதறீங்களா? என்ற எழுத்து ஆருக்கும் புரியாது.

மொதல்ல முன்பக்கத்தத் திருப்புங்க. மனுதாரர்னு போட்டு என்ற பேரு இருக்குதா? எதிர்மனுதாரர்னு அவன் பேரு இருக்குதா? ரெண்டையும் அடிச்சுட்டு மாத்திப் போடுங்க. ஆமாங், தெரிஞ்சுதான் சொல்றேன். போடுங்க.

இப்பப் பின்பக்கம். எழுதுங்க. "சித்திரை மாசம் உச்சி வெயில்ல அப்புக்குட்டியோட அம்மாவப் பாடையில கொண்டு வந்தாங்க. வழி அவங்களோடதுதான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி நின்னுட்டிருந்தேன். மாடு குடிச்சு முடிச்சிருந்துது."

அவ்வளவுதான். இல்லீங், உத்தரவு கித்தரவு ஒண்ணும் கேக்க வேண்டாம். முற்றுப்புள்ளி வெச்சுருங்க.

அதா வாறான் பாருங்க, வாசக் கேட்டுக்குப் பக்கத்துல, நீலச் சட்டை. அவன்தான். போலீசுப் புள்ளைகிட்டப் பையக் காட்டிட்டு நிக்கறான். இங்க குடுக்கறதுக்கு முன்னால அவங்கிட்டக் குடுக்கோணும் இத. எழுத்து நெம்பச் சின்னதா இருக்குதே. இன்னொருக்காச் சித்தெ பெருசா எழுதிருங்க அம்மிணி. அவன் கண்ணாடி கொண்டாரல.